நடுச் சீற்றில் கோசலை

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் யார் வீட்டுக் கலியாணம் சரிவருகிறது, யார் வீட்டுக் கலியாணம் குழம்புகிறது என்பதை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முன்பாகவே அறிந்துகொள்ளும் சீவன் ஒன்று உண்டென்றால் அது கோசலைதான். மடுத்தீனின் புடைவைக்கடையில் கூறைச்சேலைப் பகுதி அவள் பொறுப்பு. சேலையை விரிக்கும்போதே எதிரே நிற்கும் குடும்பத்தையும் விரித்துப் பார்த்துவிடுவாள். தாய் விலையைக் கேட்டுவிட்டு மகளை முறைத்தால் அது ஒரு கதை. மகள் கண்ணாடியைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு கதை. மாப்பிள்ளையின் தமக்கை கூட வந்து ஒவ்வொரு சேலைக்கும் உதட்டைச் சுழித்தால், அந்தக் கதைக்கு அன்று பின்னேரமே கால் முளைத்துவிடும்.

"நான் ஆற்றையும் கதை கதைக்கிறேல்லை" என்று, பிறர் பேச்சே பேசாதவள்போலத்தான் அவள் எந்தக் கதையையும் தொடங்குவாள். அந்த வசனம் காதில் விழுந்ததும், பொட்டுப் பெட்டி வாங்க வந்தவர்களும் காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றுவிடுவார்கள்.

கெட்டவள் என்று சொல்ல முடியாது. செத்த வீடென்றால் முதலில் போய்ப் பாய் விரிப்பவள் அவள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்தியச் சரக்குக் கறி காய்ச்சிக் கொண்டு மூன்று மெத்ரோ மாறிப் போவாள். ஆனால் யாருடைய மகள் யாரோடு எந்த ஸ்டேசனில் நின்றாள் என்ற விவரத்தை வெளியில் விடாமல் வயிற்றில் வைத்திருந்தால் அவளுக்குச் சாப்பாடு செமிக்காது. அதைச் சமூகத் தொண்டு என்றே அவள் நினைத்திருந்தாள். நாலு பேருக்குத் தெரிந்தால்தானே நாலு பெட்டைகள் பயந்து நடப்பார்கள்?

வாயால் வாழ்கிறவளுக்கு வாய்க்குத்தான் பயம். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஊர்வாயில் பெரிய பங்கு அவளுடையது அல்லவா? ஆகவே தன் ஒரே மகள் மிருணாளினியை, ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாதபடி வளர்த்தாள். "மெல்லச் சிரி." "உதென்ன உடுப்பு, மாத்திக்கொண்டு வா." "ஆரோடை கதைச்சனி? போனைக் காட்டு." மார்க்ஸ் டோர்மோயில் அவர்களுடைய இரண்டறை வீட்டுக்குள் இந்த மூன்று வசனங்களும் சாமிப்படத்துக்கு விளக்கு வைப்பதுபோல நாள் தவறாமல் நடந்தன. மிருணாளினி படித்தாள், ஒரு இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை எடுத்தாள், மெல்லச் சிரித்தாள். தகப்பன் வரதராசா ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். மனைவி பேசும்போது "ஓம்" என்பார். அவள் பேசி முடித்த பிறகும், ஒரு பாதுகாப்புக்காக, இன்னொருமுறை "ஓம்" என்பார்.

பாரிசுக்கு வெளியே செவ்ரானிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தனோஜன் ஒரு காப்புறுதிக் கந்தோரில் உத்தியோகம். வெள்ளைச் சேட்டு, வெட்டிய தாடி, "மாமி, மாமி" என்று வாய் நிறைந்த பேச்சு. வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமியறையை எட்டிப் பார்த்துக் கும்பிட்டான். கோசலை அந்தக் கும்பிடிலேயே விழுந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் குடும்பம் அளக்கிறவள், தன் வீட்டு வாசலுக்கு வந்ததை மட்டும் அளக்க மறந்தாள்.

2018 பங்குனியில் எழுத்து நடந்தது. நம்முடைய ஆட்களுக்கு இங்கே கலியாணம் இரண்டு தரம். முதலில் நகரசபையில் மேயருக்கு முன்னால் கையெழுத்து. அதுதான் எழுத்து. பிறகு மண்டபம் கிடைத்து, நல்ல நாள் கிடைத்து, கனடாவிலிருக்கும் மாமன்காரனுக்கு லீவும் கிடைத்தால் தாலி. அவர்களுக்கு ஆவணியில்தான் மண்டபம் கிடைத்தது. எழுத்துக்கும் தாலிக்கும் இடைப்பட்ட இந்தக் காலம் ஒரு வில்லங்கமான காலம். பிரான்ஸ் நாட்டுச் சட்டப்படி அவர்கள் புருசன் பெண்சாதி. கோசலையின் சட்டப்படி, முன்னறையில், கதவு திறந்தபடி, டிவி ஓடியபடி, எதிரெதிர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்க அனுமதிக்கப்பட்ட இரண்டு அந்நியர்.

"தாலி ஏறேல்லை. உது வெறும் கடுதாசி" என்பாள்.

இந்தச் சனத்துக்குக் கடுதாசியின் பெறுமதி தெரியாததா? அகதிக் கடுதாசி, வதிவிடக் கடுதாசி, வேலைக் கடுதாசி என்று ஒரு முத்திரைக்காக விடியப்புறத்துக் குளிரில் வரிசையில் நின்றவர்கள். கடுதாசி இல்லாமல் ஒளித்துத் திரிந்தவர்கள், அது கிடைத்த அன்று கோயிலில் தேங்காய் உடைத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள், கலியாணக் கடுதாசியை மட்டும் சும்மா கடுதாசி என்று மடித்து அலுமாரியில் போட்டுப் பூட்டினார்கள்.

வினை தனோஜனின் கந்தோரிலிருந்து வந்தது. அங்கே வேலைசெய்யும் வெள்ளைக்காரருக்கு மேயருக்கு முன்னால் நடப்பதுதான் கலியாணம். மாலையோடு நின்ற படத்தைப் பார்த்ததும் எல்லோருமாகக் காசு சேர்த்து ஒரு பரிசுப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். கிரேக்க நாட்டுச் சந்தோரினித் தீவில் இரண்டு இரவு, காதலர் இருவருக்கு மட்டுமான பிரத்தியேகச் சுற்றுலா, தனி வாகனம், தனி வழிகாட்டி, திராட்சைத் தோட்டத்தில் வைன் சுவைத்தல், கடலோரத்தில் சூரிய அஸ்தமனம். பெட்டியின் மேல் வெள்ளை வீடு, நீலக் கூரை, அதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்கும் ஒரு சோடி.

கோசலை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கு எண்டால், ஆர் ஆர்?"

"நானும் மிருணாவும்தான் மாமி" என்றான் தனோஜன். "போகாட்டில் கந்தோரிலை குறை நினைப்பினம். மனேஜர் ஒவ்வொரு நாளும் கேக்கிறார், எப்ப போறியள் எண்டு."

செவ்ரானிலிருந்து மாப்பிள்ளையின் தாய் தில்லைநாயகி போன் எடுத்தாள். "பொடியன் ஆசைப்படுறான் கோசலை. எழுத்தும் முடிஞ்சுதுதானே" என்று இழுத்தாள். இது கோசலைக்கு இரண்டு பக்கமும் இடி. மறுத்தால் சம்பந்தி முகம் சுளிப்பாள். அனுப்பினால், தாலி ஏறுமுன் மகளைத் தீவுக்கு அனுப்பினாள் என்ற கதை வரும். அந்தக் கதையை இன்னொருத்தியைப் பற்றியென்றால் தான் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தியிருப்பாள் என்பதுகூடத் தெரியும். அன்று முழுக்கக் கடையில் அவள் ஒருவரைப் பற்றியும் பேசவில்லை. மடுத்தீன் காய்ச்சலா என்று கேட்டார்.

மறுநாள் அவளுக்கு வழி கிடைத்தது. பரிசுப் பெட்டிக் கொம்பனிக்குப் போன் எடுத்து, இன்னொரு சோடியும் அதே வாகனத்தில் வரலாமா என்று கேட்டாள். மேலதிகக் காசு கட்டினால் தாராளமாக வரலாம், அதுவும் காதலர் சோடியா என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

கோசலை சோபாவில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிக் கிடந்த வரதராசாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "ஓம்" என்றாள்.

வைகாசி மாதக் கடைசியில் நாலு பேரும் விமானம் ஏறினார்கள். கோசலை மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இருந்தாள். தீவில் இறங்கி ஹோட்டலுக்குப் போனால், இரண்டு அறையிலும் கட்டில் நிறைய ரோசாப்பூ இதழ், துவாயைச் சுற்றிச் செய்த இரண்டு அன்னம், வாயோடு வாய் வைத்தபடி. கோசலை தாயும் மகளும் ஒரு அறை என்று தீர்ப்புச் சொன்னாள். மற்ற அறையில் மாமனும் மருமகனும் ரோசா இதழைக் கூட்டித் தள்ளிவிட்டுப் படுத்தார்கள். வரதராசாவின் குறட்டைக்கு முன்னால் எந்த அன்னம் தாக்குப்பிடிக்கும்? காலையில் தனோஜனின் கண் இரண்டும் சிவந்திருந்தன. கோசலைக்கு அது திருப்தியாக இருந்தது.

சுற்றுலா நாள் வெள்ளிக்கிழமை. கோசலைக்கு விரதம். வைன் சுற்றுலாவுக்கு விரதத்தோடு புறப்பட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். வழிகாட்டியும் சாரதியுமாக வந்தவன் யோர்கோஸ் என்ற கிரேக்கன். பிரெஞ்சு பேசினான். இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு பூங்கொத்துக் கொடுத்து, வரதராசாவைப் பார்த்துக் கண்ணடித்தான். வரதராசாவுக்குக் கண்ணில் தூசி விழுந்தால் கண்ணடிக்கத் தெரியும், வேறு காரணத்துக்கு அடித்ததில்லை. முன்னால் ஏறிச் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து, பத்து நிமிடத்தில் நித்திரையானார். பின்சீற்றின் ஒரு பக்கம் தனோஜன், மறுபக்கம் மிருணாளினி, நடுவில் பூங்கொத்தும் கைப்பையும் முழங்காலுமாகக் கோசலை.

யோர்கோஸ் எரிமலையைக் காட்டினான், தீவின் பாதி கடலுக்குள் போன கதையைச் சொன்னான். கோசலை எரிமலையைப் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் கைகளைத்தான். வலப்பக்கம் மகளின் கை, இடப்பக்கம் மாப்பிள்ளையின் கை. இரண்டுக்கும் நடுவில் தான் இருக்கும்வரைக்கும் லாச்சப்பலில் ஒரு நாய்கூடக் குரைக்க முடியாது என்று நினைத்தாள்.

கைகள் அசையவில்லை. ஆனால் அவளுடைய தலைக்கு மேலால் பேச்சு நடந்தது. மாமிக்குப் பிரெஞ்சு விளங்காது என்று தனோஜன் நினைத்திருந்தான். புடைவைக்கடையில் நிற்கிறவளுக்கு எத்தனை மொழி விளங்கும் என்பதை அவன் அறியான்.

அந்த வெள்ளைச் சட்டையைப் போடச் சொன்னேனே, இதை ஏன் போட்டாய் என்று தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் கேட்டான். மிருணாளினி சட்டையின் மடிப்பை இழுத்து நேராக்கினாள். கோசலை மாப்பிள்ளையை உள்ளுக்குள் மெச்சினாள். மகள் போட்டிருந்த சட்டை அவளுக்கும் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மிருணாளினியின் போன் முணுமுணுத்தது. யார் என்றான். வேலையிடத்துச் சிநேகிதி என்றாள். கையை நீட்டினான். கோசலையின் மடிக்கு மேலால் போன் இங்கிருந்து அங்கே போயிற்று. அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். மிருணாளினி வாங்கிக்கொண்டாள். கண்டிப்பான பொடியன், தன்னுடைய பாரம் இனிக் குறையும் என்று கோசலை நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அவளை இந்த இடத்தில் காப்பாற்றுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

திராட்சைத் தோட்டத்தைப் பார்த்ததும் நாலு பேரும் ஏமாந்தார்கள். பந்தல் இல்லை, ஏறி நிற்கும் கொடி இல்லை. சாம்பல் நிற மண்ணில், கூடை பின்னிக் கவிழ்க்க மறந்ததுபோல, கொடிகள் வட்டவட்டமாகத் தரையோடு சுருண்டு கிடந்தன. இந்தத் தீவில் காற்று பொல்லாதது, கொடியை நிமிர விட்டால் பிய்த்துவிடும், அதனால் இப்படிச் சுற்றிச் சுற்றிக் கட்டி, காயை உள்ளுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்றான் யோர்கோஸ்.

"இஞ்சை பார் பிள்ளை" என்றாள் கோசலை, பெருமையோடு. "பொம்பிளைப் பிள்ளையளையும் உப்பிடித்தான் வளக்க வேணும்."

மிருணாளினி அதை யோர்கோசுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். அவன், எங்கள் அம்மாமாரும் இதைத்தான் சொல்வார்கள், அதனால்தான் என் தங்கைகள் எல்லோரும் அவுஸ்திரேலியாவுக்கு ஓடிவிட்டார்கள் என்றான். மிருணாளினி சிரித்துவிட்டாள். வாயைக் கையால் மூடாமல், தலையைப் பின்னால் சாய்த்து, பலமாகச் சிரித்தாள். "மெல்லச்..." என்று கோசலை தொடங்குவதற்குள் தனோஜன் முந்திக்கொண்டான். முகத்தில் சிரிப்பு மாறாமல், உதடு அசைந்ததும் தெரியாமல், வாயைப் பொத்தடி என்ற கருத்தில் பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னான். அது குடித்துவிட்டு மெத்ரோ வாசலில் சண்டை பிடிக்கிறவர்கள் சொல்கிற சொல். மிருணாளினியின் சிரிப்பு குழாயைப் பூட்டியதுபோல நின்றது.

கோசலைக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆம்பிளைகள் கோபத்தில் ஒரு சொல் விடுவது உலக வழக்கம் என்று உடனே ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்தாள். அந்த நியாயம் கையோடுதான் இருந்தது. கடையில் எத்தனையோ பேருக்கு அதை அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

வைன் சுவைக்கும் இடம் கடலைப் பார்த்த ஒரு முற்றம். யோர்கோஸ் சோடி சோடியாக எதிரெதிரே இருத்திய நீள மேசை, ஆளுக்கு நாலு கிண்ணம், ஒரு தட்டில் பாணும் பாற்கட்டியும் தக்காளியும். கோசலை தனக்குத் தண்ணீர் போதும் என்றாள். இத்தனை காலமும் வைனைச் சட்டிக்குள் ஊற்றியே பழகிய வரதராசா, தன் கிண்ணங்களை முடித்துவிட்டு மனைவியின் கிண்ணங்களையும் வீணாக்காமல் கவனித்துக்கொண்டார். "இஞ்சேரும், உது நல்லாயிருக்கு" என்றார். அன்றைக்கு அவர் "ஓம்" தவிரச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

தனோஜன் கிண்ணத்தைச் சுழற்றினான், மூக்கை விட்டான், முதலாவதுதான் தரமானது என்று யோர்கோசுக்கு விளக்கம் கொடுத்தான். மதாமுக்கு எது பிடித்தது என்று யோர்கோஸ் மிருணாளினியைக் கேட்டான். அவள் கடைசியாக வந்ததைக் காட்டினாள், வெயிலில் காயவைத்த பழத்தில் செய்த, தேன்போல இனிக்கிற வைன். யோர்கோஸ் மகிழ்ந்துபோய் அவள் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் வார்த்தான். அப்போது தனோஜனின் வலக்கை மேசைக்குக் கீழே போவதைக் கோசலை கண்டாள். மிருணாளினியின் இடக்கையும் மேசைக்கு மேல் இல்லை.

பிடித்துவிட்டான்! பாரிசிலிருந்து இவ்வளவு காசைக் கொட்டி, விரதத்தோடு, முழங்கால் நோவோடு வந்தது இந்தக் கணத்துக்காகத்தானே? கோசலை கைப்பையைத் தட்டி விழுத்தினாள். அதை எடுக்கிற சாட்டில் குனிந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட காதலரைப் பார்க்கக் குனிந்தவள், தன் மகளின் சின்னவிரலை அவன் பின்பக்கமாக வளைத்துப் பிடித்திருப்பதைக் கண்டாள். விரல் வெளுத்து, புறங்கையோடு படுகிற அளவுக்கு வளைந்திருந்தது. அவன் பெருவிரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மேசைக்கு மேலே மிருணாளினி யோர்கோசைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். அது அளவான, மெல்லிய சிரிப்பு. கோசலை பாடுபட்டுப் பழக்கிய சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எதையும் மறைக்கலாம் என்பது கோசலைக்கு அன்றுதான் தெரிந்தது.

"பிள்ளை, கக்கூசுக்கு வா" என்று எழும்பினாள். உள்ளே போய்க் கதவைப் பூட்டியதும் மகளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் மூட்டு வீங்கியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே இரத்தம் கட்டி மஞ்சளாய்ப் போன பழைய கண்டல் ஒன்றும் இருந்தது.

"எப்ப துவங்கினவன்?"

"எழுத்து முடிஞ்ச கையோடை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

மிருணாளினி வீட்டில் பாதிப் பேச்சைப் பிரெஞ்சில்தான் பேசுவாள். அன்றைக்கு ஒரு சொல்லும் பிசகாமல் தமிழில் சொன்னாள். "என்னத்தைச் சொல்லுறது அம்மா? போனைக் காட்டச் சொல்லுறார் எண்டோ? நீங்களும் கேக்கிறனீங்கள்தானே. உடுப்பை மாத்தச் சொல்லுறார் எண்டோ? சிரிக்காதை எண்டுறார் எண்டோ? எல்லாம் நீங்கள் சொன்னதைத்தான் அவரும் சொல்லுறார். விரலை முறிக்கிறது மட்டும்தான் புதுசு. அதைச் சொன்னாலும், நீ என்ன செய்தனி எண்டு என்னைத்தான் கேப்பீங்கள்."

அந்தக் கேள்வி உண்மையாகவே கோசலையின் நாக்கில் வந்து நின்றது. நீ என்ன செய்தனி? அதை அவள் எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். விழுங்குவது இலேசாக இருக்கவில்லை. மகளின் விரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி, மண்டபத்தை நினைத்தாள், அச்சடித்த அழைப்பிதழை நினைத்தாள், கடைக்கு வருகிற ஒவ்வொரு வாயையும் தனித்தனியாக நினைத்தாள். பிறகு அந்த விரலைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. மகளுக்கு முன்னால் அவள் அழுவது வழக்கமில்லை, என்றாலும் அழுதாள்.

வெளியே வந்தபோது யோர்கோஸ் சூரியன் விழப்போகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். காதலரைச் சோடி சோடியாக மதிலோரம் நிறுத்திப் படம் எடுப்பதும் பெட்டியில் சேர்ந்த விசயம். தனோஜன் வந்து மிருணாளினியின் தோளில் கைபோட்டான்.

"கையை எடுங்கோ தம்பி" என்றாள் கோசலை.

"மாமி, படத்துக்குத்தானே?" என்று சிரித்தான்.

"எடுங்கோ எண்டுறன். தாலி ஏறேல்லை."

"எழுத்து முடிஞ்சுது மாமி. அவள் என்ரை மனிசி."

"அது கடுதாசியிலை. கடுதாசிக்கு என்ன செய்ய வேணும் எண்டு எங்களுக்குத் தெரியும். தாலி இனி ஏறாது."

சொல்லிவிட்டு மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டு மதிலில் சாய்ந்தாள். யோர்கோசுக்குத் தமிழ் விளங்கவில்லை. மதாம், சோடி மாறி நிற்கிறீர்கள் என்றான். இதுதான் சோடி, எடும் என்று கடைப் பிரெஞ்சில் சொன்னாள் கோசலை. மிச்சமாக நின்ற இரண்டு ஆண்களையும் அவன் ஒரு சோடியாக்கவேண்டியிருந்தது. நடந்தது ஒன்றும் அறியாத வரதராசா, இனிப்பு வைனின் புண்ணியத்தில், மருமகனின் தோளில் கைபோட்டு, அவன் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் தனோஜனின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

பாரிசுக்கு அவர்கள் வந்துசேருமுன் கதை வந்துசேர்ந்துவிட்டது. மகன் தீவிலிருந்து போனில் சொன்னதைக் கதையாக்கி அனுப்பியவள் தில்லைநாயகி. தீவில் வைத்துத் தாய் குடித்துவிட்டு ஆட்டம் போட்டாளாம். மகளுக்குக் கிரேக்கச் சாரதியோடு சிரிப்பாம். தங்கமான பொடியன் தலை தெறிக்கத் தப்பி வந்தானாம். விரதத்தில் தண்ணீர் குடித்தவள் லாச்சப்பல் முழுக்கக் குடிகாரியானாள். கோசலை அந்தக் கதையைத் தொழில் தெரிந்தவளாகக் கேட்டாள். எந்த இடத்தில் உப்புப் போட்டார்கள், எந்த இடத்தில் புளி விட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. நல்லாய்த்தான் சமைத்திருந்தார்கள்.

மடுத்தீன் நல்ல மனிதர். ஒரு வழி சொன்னார். "சாதகம் பிழைச்சுப் போச்செண்டு சொல்லும் தங்கச்சி. சாத்திரியார் செவ்வாயைப் பாக்க மறந்திட்டார் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம். நான் வேதக்காரன், யேசுவைக் கும்பிடுறவன், எனக்கே உது தெரியும்."

நல்ல பொய்தான். கோசலை அதை இரண்டு நாள் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். ஜெகதீஸ்வரி என்று ஒரு அக்கா, மூன்று வருடமாக அந்தக் கடைப் படி மிதிக்காதவள், சட்டைத்துணி எடுக்க என்று வந்தாள். எல்லோரும் காத்திருந்த கேள்வியை அவள்தான் கேட்டாள்.

"என்னவாம் கோசலை, கலியாணம் நிண்டு போச்சாம்?"

சேலை பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். செவ்வாய் கோசலையின் உதடு வரைக்கும் வந்தது. அவள் மகளின் வீங்கிய விரலை நினைத்தாள், செவ்வாயைத் துப்பிவிட்டாள்.

"நிக்கேல்லை அக்கா. நான்தான் நிப்பாட்டினனான். அவன் என்ரை பிள்ளையின்ரை விரலை முறிக்கப் பாத்தவன். என்ரை கண்ணாலை கண்டனான்." சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் இலேசானது. தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தாள். "நல்லவேளை, தாலி ஏறேல்லை. பிள்ளை தப்பிட்டாள்."

ஒன்றிரண்டு பேர் "ஓம் ஓம்" என்றார்கள். ஒருத்தி கோசலையின் கையைப் பிடித்தாள். ஜெகதீஸ்வரி மட்டும் துணியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"என்ரை மூத்தவளுக்குத் தாலி ஏறியிருந்தது" என்றாள். "அவளும் உப்பிடித்தான் கண்டலோடை வந்தவள். அவள் என்ன செய்திருக்க வேணும், சொல்லும்?"

கோசலைக்கு அந்தக் கதை தெரியும். கலியாணம் முடித்து ஆறு மாதத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த பெண். அவள் ஏன் வந்தாள் என்று அந்தக் காலத்தில் லாச்சப்பலில் ஒருவருக்கும் தெரியாது. கோசலைக்கும் தெரியாது. தெரியாத இடத்தைக் கோசலைதான் நிரப்பினாள். புருசனோடு ஒத்துப்போகத் தெரியாதவள், போனில் யாரோ இருக்கிறான், என்று இதே மேசைக்குப் பின்னால் நின்று கூறைச்சேலைக்கு நடுவில் சொன்னவள் அவள்தான். இப்போது கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, திரும்ப மேசையில் வைத்தாள்.

"பிள்ளையை ஒருக்கா இஞ்சாலை கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா" என்றாள் கடைசியில். "நான் அவளைப் பாக்க வேணும்."

"அவள் லாச்சப்பலுக்கு வாறேல்லை" என்றாள் ஜெகதீஸ்வரி. "மரக்கறிக்கும் வாறேல்லை, கோயிலுக்கும் வாறேல்லை. அந்தப் பொடியனுக்குப் பயந்தில்லை. அவன் லண்டனுக்குப் போய்க் கனகாலம். உம்மடை வாய்க்குப் பயந்துதான்."

பிறகு, நீலத்தில் ஒரு மீற்றர் வெட்டச் சொன்னாள். கோசலை அளந்து வெட்டிக் கொடுத்தாள். ஜெகதீஸ்வரி அதை வாங்கிக்கொண்டு காசு கட்டப் போனாள்.